வலை மிதப்பும் சைக்கிள் ரியூப்பும்

ஆம்பிளைகளுக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் ஊரே அறியும். கொத்தமல்லி அவி, இஞ்சி இடி, போர்வையைக் கொண்டா என்று மனுசிமாரை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். உண்மையாகவே ஆளைக் கொண்டுபோகிற வருத்தம் வந்தாலோ வாயைத் திறக்கமாட்டார்கள். அந்த வாய் திறவாமையில் குருசுமுத்து பெரிய விண்ணன். அதனாலேயே சாகப் பார்த்தான். சாகவில்லை என்றபடியால்தான் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது.

வேலணைத் தீவின் தெற்குக் கரையில், சாட்டிக்கு அங்கால, கடலை நம்பியிருந்த வேதக்காரக் குடும்பங்களின் சின்னக் குறிச்சி ஒன்று. குருசுமுத்து அங்கேதான் பிறந்தான். தகப்பன் செபமாலை கரைவலை இழுத்தவர். ஒருநாள் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். வயிறு ஊதிக்கொண்டே போனது, குடித்த தண்ணீரெல்லாம் சத்தியாய் வந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னம் ஆள் முடிந்துபோனார். செய்வினை என்றார்கள் சிலர். கூடாத மீனைத் தின்றிருப்பார் என்றார்கள் வேறு சிலர். தகப்பனைப் புதைத்த கையோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குருசுமுத்துவும் கயிறு பிடிக்க வந்தான்.

அவன் இழுத்தது இராயப்புச் சம்மாட்டியின் வலை. வலையும் தோணியும் கயிறும் சம்மாட்டியுடையவை, உடம்பு மட்டும் இழுப்பவர்களுடையது. தோணி போய் வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு வரும். பிறகு இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கவேண்டும். அதைக் கையால் மட்டும் இழுக்க ஏலாது. சாக்குத் துணியில் தைத்த பட்டியை இடுப்பில் கட்டி, அதன் நுனியைக் கயிற்றில் கொளுவி, கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்கவேண்டும். கடலின் பாரம் முழுக்க இடுப்பில்தான் இறங்கும். அதிலும் தண்ணீருக்குள் நிற்கிற முதல் ஆளுக்குக் கால் புதையும், அலை அடிக்கும், பாரம் முதலில் அவனில்தான் விழும். எல்லோரையும் ஒரே மூச்சில் இழுக்கவைக்கிற அம்பாப் பாட்டை எடுத்துக்கொடுப்பதும் அவன்தான்.

கிழக்குக் கயிற்றில் அந்த முதல் இடம் குருசுமுத்துவுடையது. நல்ல உடம்பு, அதைவிட நல்ல குரல், இரண்டையும் விடப் பெரிய வாய். "ஆரடா அங்கை பின்னுக்கு நிண்டு நித்திரை கொள்ளுறது? சோத்துக்குப் பாரமாய் வந்தனீயோ?" என்று அவன் ஒரு சத்தம் போட்டால் மேற்குக் கயிற்றுக்காரனும் நிமிர்ந்து நிற்பான். அந்த இடத்தில் அவனுக்கு அப்படியொரு பெருமை. பெருநாளுக்குப் புதுச் சாரம் உடுத்துக்கொண்டு கோயிலில் நிற்கும்போதும் அவன் கயிற்றின் முன்னுக்கு நிற்பதுபோலத்தான் நிற்பான்.

அறுபத்தேழாம் ஆண்டு, சோளகக் காற்று அடங்கி வலை வளைக்கத் தொடங்கின காலம். கிணற்றடியில் குளிக்கும்போது வலது தொடையின் இடுக்கில் ஏதோ தட்டுப்பட்டது. பாக்களவு வீக்கம். விரலால் அமர்த்தினான், உள்ளே போய்விட்டது. நிமிர்ந்து இருமினான், வெளியே வந்துவிட்டது. நோவும் இல்லை ஒன்றும் இல்லை. "சரி, வாறதும் போறதுமாய் இருந்திட்டுப் போகட்டும்" என்று சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அடுத்த வருசம் அது கோழிமுட்டையளவு ஆனது. இழுத்து முடிந்த பிறகு மணலில் மல்லாந்து படுத்துக் கையால் தள்ளினால்தான் உள்ளே போகும். மற்றவர்கள் மீன் பொறுக்குகிற நேரம் அவன் தனியே தாழம்புதர்ப் பக்கம் போய்ப் படுத்துக் கிடப்பான்.

அப்போதாவது ஒருத்தருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டான். ஏன் சொல்லமாட்டான் என்று கேட்டால் அதுவும் அவன் வாயால் வந்த வினை. நெடுந்தீவில் ஒருத்தனுக்கு இப்படித்தான் வீக்கம் வந்ததாம், ஆஸ்பத்திரியில் வெட்டினார்களாம், அதற்குப் பிறகு அவனுக்குப் பிள்ளையே பிறக்கவில்லையாம். இந்தக் கதையைக் கடற்கரையில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதே குருசுமுத்துதான். அந்தக் கண் காணாத மனுசனுக்கு, விதை நசுக்கின மாட்டைச் சொல்வதுபோல "நலமடிச்ச நாம்பன்" என்று பெயரும் வைத்து, கயிற்றில் நின்றவர்கள் வயிறு நோகச் சிரித்தார்கள். வெட்டுவதற்கு முன்னமும் அவனுக்குப் பிள்ளை இல்லை, கலியாணமே கட்டவில்லை என்பதை ஒரு விசரனும் விசாரிக்கவில்லை. இப்போது அதே கத்தி தன் பக்கம் திரும்பி நிற்கிறது. வெட்டினால் அந்தப் பெயர் தனக்கு வரும், கயிற்றின் முன்னிடம் போகும், பிறகு மனுசி மரியநாயகியின் முகத்தில் எப்படி முழிக்கிறது?

அதற்காக வைத்தியம் பார்க்கவில்லை என்று சொல்லக்கூடாது. வேலணையில் ஒரு பரியாரியாரிடம் போனான். அவருடைய மகள் பக்கத்தில் நின்று மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் "முழங்காலிலை நோவு" என்று சொல்லிவிட்டான். பரியாரியார் முழங்காலுக்கு நல்ல எண்ணெய் கொடுத்தார். முழங்கால் பளபளவென்று வந்தது. அந்தோனியாருக்கும் மெழுகுதிரி கொளுத்தினான். அங்கேயும் இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "உமக்குத் தெரியும்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்தான். வலையின் மேல்விளிம்பு தண்ணீரில் தாழாமல் இருக்க மரத்தில் சீவிய மிதப்புக்கட்டைகள் கட்டுவார்கள். பாரமில்லாத மரம், உள்ளங்கையளவு, நடுவில் கயிறு ஓட்ட ஒரு துளை. அதில் ஒன்றை வலையிலிருந்து அறுத்தெடுத்தான். ஒரு பக்கத்தைத் தேங்காய்நாரால் தேய்த்து வழுவழுப்பாக்கினான். பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டித் துளைக்குள்ளால் விட்டு, வீக்கத்தை உள்ளே தள்ளி, அதன்மேல் கட்டையை வைத்து, இடுப்பையும் தொடையையும் சுற்றி இறுக்கிக் கட்டினான். அதன்மேல் சாரம், சாரத்தின்மேல் சாக்குப் பட்டி. பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. "ஆஸ்பத்திரியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

ஆனால் வீட்டில் ஒரு மனுசி இருக்கிறாளே. கட்டையோடு அவளுக்குப் பக்கத்தில் படுக்க ஏலாது, கழற்றிவிட்டுப் படுக்கவும் ஏலாது. "வலைக்குக் காவல் இருக்கவேணும்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வலைக்கொட்டிலுக்குப் போய்விட்டான்.

"வலையை ஆர் தூக்கிக்கொண்டு போகப்போறான்? பத்துப்பேர் பிடிச்சாலும் அசையாத வலை!" என்றாள் மரியநாயகி.

"உனக்கென்னடி தெரியும்? களவு கூடிப்போச்சு."

மரியநாயகி லேசுப்பட்டவள் இல்லை. மூன்று பிள்ளை பெற்று, மீன் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வேலணை முழுக்கச் சுற்றி விற்றுவிட்டு வருகிறவள். ஆள் வீட்டில் படுக்கிறதில்லை, குளிக்கும்போது கிணற்றடிப் படலையைக் கட்டிக்கொள்கிறான், கிட்டப் போனால் விலகுகிறான், இடுப்பில் கை பட்டால் துள்ளி எழும்புகிறான். இதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான் அவளுக்குப் பட்டது. சாட்டிப் பக்கம் எவளோ ஒருத்தி இருக்கிறாள். எவள் என்று மட்டும் பிடிபடவில்லை. பிடிபடும்வரைக்கும் கறிக்கு உப்பை அள்ளிப் போட்டாள். அவன் ஒன்றும் பேசாமல் தின்றான். அவன் பேசாமல் தின்றது அவளுடைய சந்தேகத்தை இன்னும் கூட்டிவிட்டது. குசினிக்குள் தனியே இருந்து அழுதாள்.

இதற்குள் கடற்கரையில் வேறொரு கூத்து. வலையைக் காயப்போட்ட ஒருநாள் சம்மாட்டி இராயப்பு மிதப்புக்கட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கத்தத் தொடங்கினார்.

"ஆரடா என்ர கட்டையளைக் களவெடுக்கிறது? ஒண்டு ரண்டெண்டால் கடல் கொண்டுபோச்சுதெண்டு விடலாம். இது அறுத்தெடுத்த அறுவையடா! பிள்ளையளுக்குத் தேர் செய்து குடுக்கிறியளோ?"

குருசுமுத்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தான் எடுத்தது ஒன்று. கிழவர் சொல்வதைப் பார்த்தால் அதற்கு மேலே போயிருக்கிறது. மற்றதை எவன் எடுத்தான் என்று நிமிர்ந்து பார்த்தான். எல்லோரும் மணலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தன் களவு வெளியே வராமல் போனதே போதும் என்று அவனும் அதை விட்டுவிட்டான்.

பிறகு அந்த நாள் வந்தது. பாரை கூட்டமாய்க் கரைக்குக் கிட்ட வந்திருந்தது. அந்த வருசம் அப்படியொரு மீனை ஒருத்தரும் காணவில்லை. தண்ணீர் கறுத்துக்கொண்டு தெரிந்தது. தோணி ஓடி வளைத்துவிட்டு வந்தது. மரியநாயகியும் மற்றப் பெண்டுகளும் கடகங்களோடு வந்து நின்றார்கள். கயிற்றைக் கொளுவி நாலு எட்டு வைக்கும்போதே பாரம் சொல்லிவிட்டது, வலையின் மடி நிறைய மீன்.

குருசுமுத்து அம்பாவை எடுத்தான். பாதி இழுவையில் அடிவயிற்றில் ஏதோ பிடுங்கியது. கட்டை பக்கவாட்டில் நழுவிவிட்டதைத் தெரிந்துகொண்டான். கையை விட்டுத் தள்ளிப் பார்க்க ஏலாது, எல்லோரும் பார்ப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு எட்டு வைத்தான். வீக்கம் கல்லாய் இறுகியது. பாட்டு நின்றுபோனது. பின்னுக்கு நின்றவன் மரியநாயகியின் தம்பி வின்சன்ற்.

"அத்தான், என்ன பாட்டு நிண்டுபோச்சு?"

"ஒண்டுமில்லை... இழு."

சொல்லி முடியவில்லை, சத்தி வந்தது. அலையொன்று அடித்தது. கால் மடங்கித் தண்ணீருக்குள் விழுந்தான். பட்டி கயிற்றில் கொளுவியிருந்தபடியால் கயிறு அவனைக் கடலுக்குள் இழுத்தது. வின்சன்ற் பாய்ந்து பட்டியைக் கழற்றி, ஆளைத் தூக்கி மணலில் போட்டான். முகம் வெளிறிப்போய், வேர்வை கொட்டியது. மூச்சு விடட்டும் என்று வின்சன்ற் சாரத்தின் கட்டைத் தளர்த்தினான். ரியூப்பும் கட்டையும் வெளியே வந்து மணலில் விழுந்தன.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. வின்சன்ற் அந்தக் கட்டையைப் பார்த்தான். அவனுடைய முகமும் வெளிறிப்போனது.

கயிற்றில் நின்றவர்கள் விடவும் ஏலாமல் இழுக்கவும் ஏலாமல் நின்றார்கள். ஒரு பக்கம் தளர்ந்தால் வலையின் வாய் கோணும், மீன் அவ்வளவும் போய்விடும். மணலில் கிடந்த குருசுமுத்துவே கத்தினான்.

"விடாதையுங்கோடா! என்னை விட்டிட்டு வலையை இழுங்கோ!"

இராயப்பு வந்து குனிந்து பார்த்தார். வீக்கத்தைப் பார்த்தார், அவன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். இவனுடைய தகப்பன் படுத்துக் கிடந்த கோலத்தை அந்த மனுசன் கண்ணால் கண்டவர். நிமிர்ந்து, கடலைக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"கயிற்றை விடுங்கோ."

"சம்மாட்டியார், மீன்..."

"மீன் நாளைக்கும் வரும். கயிற்றை விடடா எண்டுறன்!"

விட்டார்கள். அந்த வருசத்தின் பாரை முழுவதும் திரும்பிக் கடலுக்கே போனது. தோணியின் துடுப்புத் தண்டுகள் இரண்டில் சாரத்தைக் கட்டி, அதில் ஆளைப் போட்டு, ஓட்டமும் நடையுமாக றோட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒருத்தன் முன்னுக்கு ஓடிப்போய் வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தான். பின்சீற்றில் குருசுமுத்துவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வின்சன்ற் ஏறினான். முன்சீற்றில் மரியநாயகி.

கார் பட்டணத்துக்குப் போகிற பண்ணைப் பாலத்துப் பக்கம் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. குருசுமுத்து அனுங்கிக்கொண்டு கிடந்தான். கொஞ்சத் தூரம் போக வின்சன்ற் அவன் காதுக்குள் மெல்லச் சொன்னான்.

"அத்தான், எனக்கும் இருக்கு."

"என்னடா?"

"உந்த வீக்கம். நானும் கட்டைதான் கட்டியிருக்கிறன். இப்பவும் கட்டியிருக்கிறன். தனிய எனக்குத்தான் எண்டு நினைச்சனான்."

அந்த நோவுக்குள்ளும் குருசுமுத்துவுக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஒரு ஆறுதலும் வந்தது. முன்சீற்றில் இருந்தவளுக்குக் காது கூர்மை. திரும்பினாள்.

"எவ்வளவு காலமாய் இருக்கு உங்களுக்கு?"

குருசுமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"இதுக்கோ வலைக்கொட்டிலிலை போய்ப் படுத்தனீங்கள்? அப்ப சாட்டியிலை ஒருத்தியும் இல்லையோ?"

"சாட்டியிலை ஆரடி?" என்றான் குருசுமுத்து, பாவம், ஒன்றும் விளங்காமல்.

மரியநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். "என்ர மாதாவே! ஒருத்தி இருந்திருந்தாலும் பறவாயில்லையே, நான் பிடிச்சுக் கிழிச்சிருப்பன்! இதை நான் என்னெண்டு கிழிக்கிறது?" கார்க்காரன் கண்ணாடியைப் பார்க்காமல் றோட்டையே பார்த்து ஓட்டினான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்குத்தர் தில்லைநாதன் பார்த்தார். பார்த்தவுடனே தாதிமாரைக் கூப்பிட்டுத் தியேட்டரை ஆயத்தப்படுத்தச் சொன்னார். "குடல் இறங்கி இறுகியிருக்கு. இப்பவே வெட்டவேணும்."

குருசுமுத்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "வெட்ட விடமாட்டன்."

"ஏன் காணும்?"

அவன் தாதியைப் பார்த்தான். டாக்குத்தர் அவளை அப்பால் போகச் சொன்னார். சிலருக்குத்தான் இந்த அறிவு இருக்கும், அவருக்கு இருந்தது. காதைக் குனிந்து கொடுத்தார்.

"ஐயா... வெட்டினால்... பிறகு நான் ஆம்பிளையாய் இருப்பனோ?"

டாக்குத்தர் சிரிக்கவில்லை. "நான் வெட்டப்போறது வயிற்றுச் சுவரிலை இருக்கிற ஓட்டையைத் தைக்க. நீர் பயப்பிடுற சாமானுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெட்டாட்டி நாளைக்கு ஆம்பிளையும் இல்லை, ஆளும் இல்லை. உம்மடை தகப்பன் இருக்கிறாரோ?"

"இல்லை ஐயா. வயிறு ஊதிச் செத்தவர்."

"சத்தி எடுத்தவரோ?"

"ஓம்."

"கயிறு இழுத்தவரோ?"

"ஓம் ஐயா."

டாக்குத்தர் சம்மதக் கடதாசியை எடுத்து வைத்தார். "அப்ப அவருக்கும் இதுதான். அது சாகவேண்டிய வருத்தமில்லை, காணும். பெருவிரலைப் பிடிச்சு மையிலை வைக்கட்டோ?"

குருசுமுத்து கம்பியை விட்டுவிட்டான். அவனுடைய அப்பு எந்த நேரமும் இடுப்பில் ஒரு துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு திரிந்தது அப்போதுதான் அவன் மனதில் வந்தது. செய்வினையும் இல்லை, மீனும் இல்லை. ஒரு சொல்லுச் சொல்ல வெட்கப்பட்ட மனுசன். அவன் விக்கி விக்கி அழுதான். "வெட்டுங்கோ ஐயா" என்றான்.

கண் விழித்தபோது மரியநாயகி பக்கத்தில் கதிரையில் இருந்தாள். குடல் கறுக்க முன்னம் வந்துவிட்டான், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பாடு வேறு என்று டாக்குத்தர் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். "இனி என்னட்டைச் சொல்லாமல் ஏதும் ஒளிச்சியளோ, நானே வெட்டுவன்" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் நொந்தது. நொந்தாலும் சிரித்தான்.

ஊருக்கு வந்தபிறகு பாரம் தூக்கக்கூடாது, கயிறு பிடிக்கக்கூடாது என்று கட்டளை. அந்தக் கரையில் படுத்துக் கிடக்கிறவனுக்கும் பங்கு ஒதுக்குவது வழக்கம், அதனால் அடுப்பு அணையவில்லை. பாயும் வலைக்கொட்டிலிலிருந்து வீட்டுக்குத் திரும்பியது. கயிற்றில் அவனுடைய முன்னிடத்தில் சந்தியாப்பிள்ளை என்கிறவன் நின்றான். குருசுமுத்து கொட்டில் நிழலில் இருந்து பொத்தல் வலை பொத்தினான். இருந்த இடத்திலேயே அம்பாவை எடுத்துக்கொடுத்தான். குரலுக்கு ஒரு குறையும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொருத்தனாய் வரத் தொடங்கினார்கள். பீடி பற்றவைக்க நெருப்பு வேண்டும் என்று ஒருத்தன் வருவான். கொஞ்சநேரம் குந்தியிருப்பான்.

"எப்பிடி, சுகமோ?"

"ஓம், நல்ல சுகம்."

"இல்லை... எல்லாம் சுகமோ?"

"ஓமடாப்பா, எல்லாம் சுகம்."

அவன் இவனுடைய முகத்தைப் பார்ப்பான், கடலைப் பார்ப்பான், எழும்பிப் போய்விடுவான். அடுத்தநாள் வேறொருத்தன் அதே கேள்வியோடு வருவான். குருசுமுத்துவுக்கு விளங்கியது. கேட்பது தன்னுடைய சுகத்தை இல்லை. வின்சன்ற் மட்டும் உடைத்துப் பேசினான்.

"அத்தான், நீங்கள் சொல்லுறியள் எல்லாம் சுகமெண்டு. சுகமில்லாட்டியும் அப்பிடித்தானே சொல்லுவியள்? ஆம்பிளை வேறை என்னத்தைச் சொல்லுவான்?"

"நான் பொய் சொல்லுறன் எண்டுறியோ?"

"நெடுந்தீவுக்காரன்ர கதையைச் சொன்னதும் நீங்கள்தானே?"

தான் கட்டின கதையை இப்போது தானே எப்படி அவிழ்ப்பது? சத்தியம் பண்ணினான். கோயிலில் வந்து சொல்லட்டோ என்று கேட்டான். ஒருத்தனும் அசையவில்லை. கட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கயிற்றில்தான் நின்றார்கள். ஒவ்வொரு இழுவைக்கும் அவர்களுடைய முகம் சுருங்குவதைக் கொட்டிலில் இருந்து பார்க்கும்போது குருசுமுத்து ஊசியைப் போட்டுவிட்டு எழும்புவான். "எடேய், மெதுவாயடா! வின்சன்ற், நீ பின்னுக்குப் போ!" என்று கத்துவான். முன்னம் இழு இழு என்று ஏசின அதே வாய் இப்போது இழுக்காதே என்று ஏசியது. தான் தப்பிவிட்டேன், இவன்களில் எவன் நாளைக்குக் கல்லாய் இறுகி விழப்போகிறானோ என்ற பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வின்சன்ற் ஒருநாள் இழுவை முடிந்து மணலில் இருந்து எழும்பக் கஷ்டப்பட்டான். அன்றைக்குக் குருசுமுத்து மனுசியிடம் போய்ப் பொருமினான். "உன்ர தம்பி சாகப்போறான். நான் சொன்னால் நம்புறானில்லை. இவங்களுக்கு அத்தாட்சி வேணுமாம், அத்தாட்சி!"

மரியநாயகி உலையைத் துழாவிக்கொண்டு நின்றாள். பிறகு முகம் சிவந்து, "கொஞ்சம் பொறுங்கோ" என்றாள்.

அவன் பொறுத்தான். சில கிழமை கழித்து, மீன் பட்ட ஒரு காலையில், கடகத்தோடு கடற்கரைக்கு வந்த மரியநாயகி மீன் குவியலுக்குக் கிட்டப் போனவுடன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். பனையடிக்கு ஓடிப்போய், மரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். மீன் மணத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கடகத்தோடு கூட வந்த றோசம்மா ஓடிப்போய் முதுகைத் தடவினாள். கொஞ்சநேரத்தில் றோசம்மா திரும்பி, கடற்கரை முழுக்கக் கேட்கச் சிரித்தாள்.

"எடியே, இது எத்தினை மாதம்?"

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் அப்படியே நின்றுபோனார்கள். ஒருத்தனை ஒருத்தன் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து கொட்டிலுக்குள் இருந்த குருசுமுத்துவைப் பார்த்தார்கள். அவனுக்குச் சந்தோசத்தில் ஊசி எங்கே நூல் எங்கே என்று தெரியவில்லை. எழும்பி நின்று நெஞ்சை நிமிர்த்தினான். "என்னடா பாக்கிறியள்? பாருங்கோ! வடிவாய்ப் பாருங்கோ!" என்றான்.

"எல்லாப் பேயளும் என்ர வயிற்றையே பாக்கிறாங்கள்" என்று மரியநாயகி வீட்டுக்கு வந்து ஏசினாள். ஏசினாலும் அவளுடைய முகத்தில் கோபமில்லை. அன்றைக்குக் கறியில் உப்பு அளவாய் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு வின்சன்ற் வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தான். தனியே போகப் பயமாய்க் கிடக்கு, வாங்கோ அத்தான் என்று கேட்டபடியால் குருசுமுத்துவும் கூடப் போனான். றோட்டடியில் சந்தியாப்பிள்ளை நின்றான்.

"எங்கையடா?" என்றான் குருசுமுத்து.

"நூல் வாங்க."

பஸ் வந்தது. ஏறினார்கள். நடுச் சீற்றில் தோணி ஓட்டுகிற கபிரியேல், துவாயால் தலையை மூடிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்தான். அவனுக்குப் பின்னால் மேற்குக் கயிற்றுக்காரன் ஒருத்தன், நித்திரைபோலக் கண்ணை மூடிக்கொண்டு. அவ்வளவுக்கும் முன்னால், சாரதிக்குப் பின்சீற்றில், கோட்டும் குடையுமாக, பூசைக்குப் போகிறவர்போல, இராயப்புச் சம்மாட்டி. ஒருத்தரும் ஒருத்தரோடும் பேசவில்லை. குருசுமுத்து ஒவ்வொரு தலையாய்ப் பார்த்துக்கொண்டு வந்தான். இத்தனை காலமும் இவ்வளவு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே கயிற்றை இழுத்துக்கொண்டு, தனித்தனியே பயந்து செத்திருக்கிறார்கள். அவனுக்குக் கோபமும் வந்தது, பாவமாயும் இருந்தது, நெஞ்சுக்குள் இருந்த பாரமும் இறங்கினதுபோல இருந்தது.

கொண்டக்டர் வந்தான். "எவ்விடம்?"

"பெரியாஸ்பத்திரியடி" என்றான் வின்சன்ற்.

சந்தியாப்பிள்ளை நூல்கடையை மறந்துபோனான். "எனக்கும் அதடிதான்."

துவாய்க்குள்ளிருந்து கபிரியேல், "பெரியாஸ்பத்திரி." நித்திரைக்காரன் கண்ணைத் திறக்காமலே, "எனக்கும்."

கொண்டக்டருக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. முன்னுக்குப் போய் இராயப்புவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "என்ன சம்மாட்டியார், உங்கடை கரையிலை ஆரும் செத்துப் போட்டினமோ? எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போறியள்?"

இராயப்பு குடையைத் தட்டித் திரும்பினார். பஸ் முழுக்கக் கேட்கிற குரல்.

"விசர்க் கதை கதையாதை. சாகாமல் இருக்கத்தான் போறம். எனக்கும் அங்கை ஒண்டு கிழி."

கொண்டக்டர் ரிக்கற்றைக் கிழித்துக் கொடுத்தான்.